வெள்ளைக் கள்ளியின் பச்சைக் கிளை

அடையாற்றில் ஒரே நர்சரியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் நின்றேன். இப்போது அங்கே செடிகளை அட்டைப்பெட்டியில் கட்டி ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறார்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு போகிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில், அவ்வளவுதான். வெள்ளைக் கள்ளிக்கு அந்தச் சீட்டில் என்ன எழுதுவது என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் போன மாதம் ஃபோனில் கேட்டார்கள். தோன்றியதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைக்கூட இறக்காமல் நின்றிருந்தேன். ஒன்பது வருஷம் ஆகியும் அந்தச் செடியின் பெயரைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் ஆகிறது. காரணத்தை ஒரு சீட்டில் அடக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தேன். எங்கள் வீடு ஆற்றோரம் இருந்தது. நர்சரிக்கு நடந்தே போய்விடலாம். முதல் இரண்டு வருஷம் குடம் தூக்கினேன், மண் சலித்தேன். மூன்றாவது வருஷம் செடியைத் தொட விட்டார்கள். அதற்குப் பிறகு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் போய்ச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடைசிவரை அதுதான் என் வேலை.

எங்கள் மேலாளர் எட்வின் சார். தோட்டக்கலைத் துறையில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி. தொட்டி மண்ணில் அதைச் செருகி எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்வார். குடம் தூக்கும் பெண்ணையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் கிட்டே போக வேண்டியிருக்கும். கத்துகிறவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியாது. கிட்டே போகும்போதே உயிர் போய்விடும். இன்னொன்று, எந்தக் கேள்வியையும் அவர் ஒரு தடவைதான் கேட்பார்.

வெள்ளைக் கள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கள்ளி முழுக்கப் பச்சை. இது தண்டெல்லாம் சாம்பல் பூசியதுபோல வெளுத்து, நடுவில் அங்கங்கே பச்சைத் திட்டும் கோடுமாக இருக்கும். புதுக் குருத்து லேசான ரோஜா நிறத்தில் வரும். மெழுகில் செய்து வைத்ததுபோல இருப்பதால் வாங்குகிறவர்களுக்கு அதன் மேல் ஆசை அதிகம். ஆனால் அந்த வெளுப்பு செடிக்கு ஒரு குறை. பச்சை இருக்கிற இடத்தில்தான் அது தனக்குச் சாப்பாடு செய்துகொள்ளும். அதனால் வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தால் பென்சில் மாதிரி மெலிந்து ஜன்னல் பக்கம் சாயும். வெளிச்சம் வேண்டுமே என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தால் வெள்ளைத் தோல் வெந்துபோகும். மழையில் நனைய விட்டால் அடியிலிருந்து அழுகும்.

இது எனக்குத் தெரிந்தது ஒரு மே மாதத்தில். தி.நகரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் ஏ.சி.யில் மூன்று மாதம் இருந்த எட்டுத் தொட்டிகளைத் திரும்ப எடுத்துவந்தோம். வெளிறிச் சோர்ந்திருந்தன. நல்ல வெயில் படட்டும் என்று காலையில் நானே சுமந்து நர்சரி முற்றத்தில் வரிசையாக வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது எட்டிலும் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பு. இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல. தொட்டுப் பார்த்தேன், தோல் கொழகொழவென்று இருந்தது. காலையில் உயிரோடு இருந்தது நாலு மணி நேரத்தில் இப்படி ஆகும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்வின் சார் வந்து நின்று பார்த்தார். "வெயில் இதுக்கு ஆகாதுன்னு இல்ல, கஸ்தூரி. ஒரே நாள்ல எல்லா வெயிலையும் கொடுத்துட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து உள்ளே இருந்த செடியை வெளியே கொண்டுவர மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். முதல் வாரம் சன்ஷேடுக்குக் கீழே நிழலில். இரண்டாவது வாரம் காலை எட்டு மணி வரைக்கும் வெயிலில். மூன்றாவது வாரம் பத்து மணி வரைக்கும். அதற்கு மேல் சென்னை வெயில் அதற்குத் தேவையில்லை.

வெட்டுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். எந்தக் கள்ளியை வெட்டினாலும் பால் வரும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அதனால் முதலில் பவர் இல்லாத கண்ணாடி, அப்புறம் ரப்பர் கையுறை. கீழே செய்தித்தாள். ஒரே வெட்டு, அறுக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் பால் நிற்கும்வரை தண்ணீர் தெளிக்க வேண்டும். வெட்டிய துண்டைத் தாளில் சுருட்டி, இரண்டு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, கையோடு நம் பைக்குள் வைத்துவிட வேண்டும். பெருக்குவது, துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் எட்வின் சார் பேசாமல் வந்து பக்கத்தில் நிற்பார்.

லலிதா மாமி மயிலாப்பூரில், குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் ஸ்ரீராம் வெளிநாட்டில். அம்மா பிறந்தநாளுக்கு என்று எங்கள் நர்சரியில் சொல்லி ஒரு பெரிய வெள்ளைக் கள்ளியை அனுப்பினவர் அவர்தான். மாதம் ஒரு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மாமி அந்தச் செடிக்கு ஒரு நோட்டுப் போட்டிருந்தார். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வெயில், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருப்பார். சித்திரை முதல் மார்கழி வரை கூடத்து ஜன்னலோரம், தையிலிருந்து பங்குனி வரை பால்கனி என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். நான் சொல்வதைச் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். "நீ சொன்ன ஒரு மணி நேரம் போறாது கஸ்தூரி, கணக்கு தப்பு" என்று நோட்டைக் காட்டுவார். பல தடவை அவர் கணக்குதான் சரியாக இருந்தது.

மகன் அவரைக் கோயம்புத்தூர் பக்கம் முதியவர்களுக்கென்று கட்டியிருக்கும் ஒரு குடியிருப்பில் சேர்க்க ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி போக மறுத்துவிட்டார். இதை அவர் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. ஒரு தடவை ஃபோனில் பேசியது காதில் விழுந்ததுதான்.

அந்த வருஷம் மாசி மாதம், செடியின் அடியிலிருந்து முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தது. வெள்ளைக் கள்ளியில் இப்படி எப்போதாவது நடக்கும். பச்சைக் கிளை மற்றதைவிட வேகமாக வளர்ந்து, சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். விட்டால் வெள்ளை நின்றுபோகும். வெட்டியே ஆக வேண்டும் என்று சொன்னேன். மாமிக்கு மனசு வரவில்லை. "பச்சையா இருக்கறது அது பண்ணின தப்பா?" என்று கேட்டுவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

பால்கனியில் தாளை விரித்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெட்டினேன். தண்ணீர் தெளித்தேன், பால் நின்றது. வெட்டிய கிளையைத் தாளில் வைத்தேன். அப்போது என் ஃபோன் அடித்தது. பக்கத்து வீட்டு வசந்தா.

"கஸ்தூரிக்கா, லாரி வந்துக்கீது. சாமான்லாம் ஏத்திக்கினு கீறாங்கோ. சீக்கிரம் வா."

ஆற்றோரத்து வீடுகளை இடித்துவிட்டு அரசாங்கம் எங்களுக்கு வேறு இடத்தில் வீடு தரப்போகிறது என்பது தெரியும். அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டேன், கத்தியைப் போட்டேன். மாமியிடம் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினேன். வெட்டிய கிளை தாளின் மேலேயே கிடந்தது.

ஆற்றோரம் போனபோது பாதி வீடுகள் கூரை இல்லாமல் நின்றன. என் கணவர் ஆறுமுகமும் மகளும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்த வீடு அது. சமையல் மேடையில் இருந்த சாமி படத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பின்சுவர் இல்லை, ஆறு தெரிந்தது. அழக்கூட வரவில்லை. நாலு மணி வாக்கில் சாமான் ஏற்றி முடித்து, நானும் லாரியில் மெத்தையின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அப்போது மாமியின் ஃபோன் வந்தது.

"கஸ்தூரி, எனக்குக் கண்ணு தெரியலை. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. பச்சைப் பட்டனை அமுக்கினேன், காத்தால உனக்குப் பண்ணினதாலே உனக்கே வந்துடுத்து."

குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "குழாயத் தொறந்து கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க மாமி, அப்புறம் கண்ணுல தண்ணி ஊத்திக்கினே இருங்க, நிறுத்தாதீங்க, நான் வரேன்" என்றேன். எட்வின் சாருக்குச் சொன்னேன். லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஆறுமுகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போ. சாமானை நான் பாத்துக்கறேன்" என்றார். குதித்து இறங்கி ஆட்டோ பிடித்தேன். புது வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு இமைகளும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன, நெற்றி வரை சிவப்பு. உட்கார வைத்துத் தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டேன். அரை மணிக்கு மேல் விட்டிருப்பேன். நடுவில், டாக்டரிடம் காட்ட வெட்டிய கிளையை எடுக்கப் பால்கனிக்குப் போனவள் அப்படியே நின்றேன். துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்தொட்டி. அதில் அந்தப் பச்சைக் கிளையை நட்டு, விழாமல் இருக்க ஒரு குச்சியும் கட்டியிருந்தார். உயரம் சரியாக வருவதற்காக அடியை ஒரு துண்டு நறுக்கியிருந்தார். அந்த வெட்டில் வந்த பால்தான். கையில் பட்டதைக் கவனிக்காமல் வியர்வையைத் துடைத்திருக்கிறார்.

எட்வின் சார் காருடன் வந்தார். கண் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் என்ன பட்டது என்று கேட்டார். கவரில் எடுத்துப்போன துண்டைக் காட்டி, கள்ளிப்பால் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, இரண்டு மூன்று நாள் இன்னும் மோசமாகும், அதற்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து.

வெளியே பெஞ்சில் மாமி இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்வின் சார் என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்துவிட்டது.

"வெட்டின கிளையைப் பையில வச்சீங்களா, கஸ்தூரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொன்னார். "அவ வெட்டவே இல்லை எட்வின். பாதியில ஃபோன் வந்து ஓடிட்டா. நான்தான் வெட்டினேன்."

மாமி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எட்வின் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வீடு போன அன்றைக்கே வேலையும் போனால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. அதுதான் என் வாயைக் கட்டியது. அவர் மறுபடி கேட்கவில்லை.

டாக்டர் சொன்னபடியே அடுத்த இரண்டு நாள் மோசமாக இருந்தது. வெளிச்சம் பட்டாலே மாமி துடித்துப்போவார். புது வீடு நகரத்துக்கு வெளியே எட்டாவது மாடி. விடிவதற்கு முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, நர்சரிக்குப் போகும்வரை மருந்து விட்டேன். மற்ற நேரம் எதிர் வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் மகன் ஸ்ரீராம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. போக முகம் இல்லை என்பதுதான் உண்மை. பத்தாம் நாள் விரல்கள் தெரிகின்றன என்றும், மூன்றாவது வாரம் பெரிய எழுத்தைப் படிக்க முடிகிறது என்றும் எட்வின் சார் வழியாகக் கேள்விப்பட்டேன். அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது, இனி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் ஸ்ரீராம் நர்சரிக்கு ஃபோன் செய்தார். வீட்டைக் காலி செய்கிறோம், அந்தச் செடியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். எட்வின் சாரும் நானும் வண்டியில் போனோம்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடி நோட்டு ஒரு பெட்டியின் மேலே கிடந்தது. ஸ்ரீராம் எட்வின் சாரிடம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தனியாக இருக்கக்கூடாது என்பது இப்போது அவளுக்கே புரிந்திருக்கும், கத்தியை எடுத்து விஷச் செடியை வெட்டினால் வேறென்ன செய்வது, நாளைக்கு கேஸைத் திறந்து வைத்தால் யார் பார்ப்பது என்றார். மாமி மடியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதத்துக்கு முன் நான் லாரியில் மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தது அப்படித்தான். என் பொருட்டு இவர் இந்த நாற்காலிக்கு வந்துவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சார், அது மாமி வெட்டல. நான்தான் வெட்டுனேன். எடுத்துக்கினு போவாம அங்கேயே போட்டுட்டுப் போயிட்டேன். விஷம்னு ஒரு வார்த்தைகூட மாமியாண்ட சொல்லல."

ஸ்ரீராம் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா பொய் சொன்னே?"

"அவ அன்னிக்கு குடியிருந்த ஆத்தையே பறிகொடுத்துட்டு வந்து எனக்குத் தண்ணி விட்டுண்டிருந்தா. வேலையும் போகணுமாடா?"

எட்வின் சார், தப்பு எங்கள் நர்சரியுடையது, எழுதித் தருகிறேன் என்றார். ஸ்ரீராம் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. எழுதி வைத்து என்ன செய்ய, கண் போயிருந்தால் எழுதின காகிதம் பார்க்குமா என்று கேட்டார். அதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. பால்கனிக்குப் போய் வெகுநேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, ஒரு பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் கிழித்தபடி, "இங்கேயே இருக்கட்டும், ஆறு மாசம் பார்ப்போம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

நான் மாமியிடம் போய்க் குனிந்தேன். கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் யோசிச்சுத்தான் சொன்னேன். அதுக்கு என்ன ஆகும்னும் தெரியும். அதை மாத்தறதுக்கு நீ யாரு? இனிமே நீ இங்க வராதே."

நன்றி எதிர்பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை எதிர்பார்க்கவில்லை. செடியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

வண்டி பாலம் தாண்டியதும் எட்வின் சார், இனி நீங்கள் வீடுகளுக்குப் போக வேண்டாம், முற்றத்தில் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பிறகு மறுபடி குடம் தூக்கினேன். மாமியின் செடியை வலைப்பந்தலுக்குக் கீழே வைத்து நானே பார்த்துக்கொண்டேன். யாரையும் தொட விடவில்லை. மழையில் உள்ளே தூக்குவேன், தை பிறந்ததும் வெளியே வைப்பேன். புதுக் குருத்து நாலு வந்தது.

ஒரு வருஷம் கழித்து எட்வின் சார் என்னைக் கூப்பிட்டார். மாமி ஃபோன் செய்து செடியைப் பற்றி விசாரித்தாராம், அடியில் மறுபடி பச்சை வந்திருப்பதை இவர் சொன்னாராம். செடி திரும்ப வேண்டும், அதைக் கஸ்தூரி கொண்டுவரட்டும் என்றாராம். வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மணியை அடித்துவிட்டு நின்றபோது திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. கதவைத் திறந்தவரைப் பார்த்து ஓரடி பின்வாங்கிவிட்டேன். மாமி நீச்சல் குளத்தில் பிள்ளைகள் போடுகிற நீலக் கண்ணாடியை ரப்பர் பட்டையோடு மாட்டியிருந்தார். கையில் முழங்கை வரை கையுறை. பால்கனியில் தாள் விரித்து, தண்ணீர் தெளிக்கும் டப்பா, கத்தி, இரண்டு கவர் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்.

செடியைச் சுற்றிப் பார்த்தார். அடியில் சுண்டுவிரல் அளவுக்கு மறுபடி ஒரு பச்சைக் குருத்து இருந்தது. அன்று அதை வெட்டத்தான் நானும் கத்தி கொண்டுபோயிருந்தேன்.

"நீ தள்ளி நில்லு" என்றார்.

வேண்டாம் மாமி என்றேன். கெஞ்சினேன். காதில் வாங்கவே இல்லை. பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடக்கையால் தண்டைப் பிடித்து, கத்தியை எடுத்தார். என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. கவர் சரசரத்தது. குழாய் திறந்தது, சோப்பு வாசனை வந்தது. அப்போதும் நான் கையை எடுக்கவில்லை.

"கண்ணைத் திற, கஸ்தூரி" என்றார் மாமி. "ஆயிடுத்து."